நிலைப்படியில் நின்ற வண்டி

ஜூலை 15, திங்கள்

மானாமதுரை வரலாற்றில் இன்று பொன்னாள். சோலைமலையாகிய நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறேன். பொங்கலுக்கு உரக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மரகதம் இதன் மேல்தான் தோசைக்கல்லை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் வட்டமாகக் கருகியிருக்கிறது. அரச முத்திரை என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுதக் காரணம் உண்டு. அக்கா மகள் குயிலிக்கு ஆகஸ்ட் முப்பதாம் தேதி கல்யாணம். இன்னும் நாற்பத்தாறு நாள். அவளுக்கு நாலு வயதிலேயே அப்பா போய்விட்டார். எங்கள் வகையறாவில் பெண்ணைத் தாய்மாமன்தான் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. ஆக, அந்தப் பதவிக்குப் போட்டியே இல்லை.

மணமகள் அறையிலிருந்து மணவறைக்கு முப்பதடி இருக்கும். முப்பதடி! முப்பத்திரண்டு வருஷம் மதுரை – ராமேஸ்வரம் தடத்தில் கண்டக்டராக இருந்தவன் நான். ஊர் உலகமெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து ராமேஸ்வரம் போனது. நான் ஒருவன்தான் பஸ்ஸுக்குள் நடந்தே போனேன். கம்பியைத் தொட்டவன் இல்லை. பரமக்குடி வளைவில் டிரைவர் பிரேக் போட்டால் எழுபது பேர் நெல்மூட்டை மாதிரி முன்னால் சரிவார்கள். நான் கோயில் கொடிமரமாக நடுவில் நின்று டிக்கெட் கிழிப்பேன். என் நடையை நீட்டிப் போட்டால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ஓய்வு பெற்ற அன்று நான் கேட்டு வாங்கி வந்தது என் விசிலை மட்டும்தான். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

அப்படிப்பட்டவன் இன்று காலை காபி டம்ளரோடு அடுப்படி நிலைப்படியில் நின்றுவிட்டேன். போ என்கிறேன், கால் போகவில்லை. வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டது போல.

"என்ன, செலையாட்டம் நிக்கிறீக?" என்றாள் மரகதம்.

"நாட்டு நடப்பை யோசிக்கிறேன்."

"அதை உக்காந்து யோசிங்க. வழிய விடுங்க."

அவள் இடித்துக்கொண்டு போனாள். உடனே கால் கிளம்பிவிட்டது. ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 17, புதன்

இந்த வீட்டுத் தரையில் எங்கோ காந்தம் புதைத்திருக்கிறார்கள்.

ஜூலை 20, சனி

குயிலி வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர் அவள். கையில் ஒரு பெரிய சார்ட்.

"மாமா, நடக்குறதுக்கு இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தை இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"ஒண்ணு. வாக்."

"நாப்பதுக்கு மேல இருக்கு."

"நாப்பதா! வெள்ளைக்காரனுக்கு வேற சோலியே இல்லையா?"

"நமக்கு மட்டும் என்ன கொறச்சல்? அத்தை உங்கள வையிறப்பக் கேளுங்க. ஆடி அசைஞ்சு வர்றாருங்கும், தத்தக்கா பித்தக்காங்கும், ஊர்ந்துக்கிட்டு வர்றாருங்கும். எல்லாம் நடைதான்."

"உங்க அத்தைய ஏன் இங்கிலீஷ்காரன்கூடச் சேக்குற? அவன் பயந்துருவான்."

சார்ட்டில் இருந்ததை நான் புரிந்துகொண்டபடி இங்கே பதிகிறேன். பிற்கால மாணவர்களுக்கு உதவும்.

ஸ்ட்ரோல் என்றால், ஒரு வேலையும் இல்லாமல், ஆனால் வேட்டி மட்டும் வெள்ளையாக இருக்கும்போது நடப்பது. டிப்டோ என்றால், மரகதம் அசந்த நேரத்தில் மிக்சர் டப்பாவை நோக்கி நுனிக்காலில் நடப்பது. ஸ்டேகர், திருவிழாவுக்கு மறுநாள் கடைசி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் தள்ளாடி நடப்பது. மார்ச், போலீஸ்காரர்கள் நடப்பது. ஆனால் கல்யாணத்துக்கு வரும் சம்பந்திகளும் அப்படித்தான் நடக்கிறார்கள். ஷஃபிள் என்று ஒன்று. காலைத் தூக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடப்பதாம்.

"இதை யாரு நடப்பாக?"

"வயசானவங்க, முடியாதவங்க."

"அப்ப அதை விடு. நமக்கு ஆள் தெரியாது."

இது போக, வாக் என்ற ஒன்றை வைத்துக்கொண்டே அவர்கள் செய்யும் அட்டகாசம் வேறு. கோபித்துக்கொண்டு சபையிலிருந்து எழுந்து போனால் வாக் அவுட். நாயைக் கூட்டிக்கொண்டு போனாலும் வாக். ரொம்பச் சுலபமான வேலை என்றால் கேக் வாக். கேக்கின் மேல் எதற்காக நடக்க வேண்டும், நடந்தபின் அதை யார் தின்பார்கள் என்று கேட்டேன். குயிலிக்குப் பதில் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வந்து ஒவ்வொரு நடையாக நான் நடந்து காட்ட வேண்டுமாம். பிள்ளைகள் வார்த்தையைச் சொல்ல வேண்டும். பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

கிளம்பும்போது என் வலது கையையே பார்த்தாள்.

"ஏன் மாமா வெரலைத் தேச்சுக்கிட்டே இருக்கீக?"

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவை பாட்டுக்கு ஒன்றை ஒன்று உரசிக்கொண்டிருந்தன. "டிக்கெட் கிழிக்குது. எனக்குத்தான் ரிட்டயர்மெண்டு. வெரலுக்கு இன்னும் ஆர்டர் வரல."

என் வாழ்நாளின் ஆகச் சிறந்த பத்து நகைச்சுவைகளில் அது ஒன்று. அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். சுவரோடு சுவராக, கரும்பலகை ஓரம் எனக்கு மேடை.

முதலில் ஸ்ட்ரோல். கடற்கரையில் காற்று வாங்கும் ஜமீன்தாராக நடந்தேன்.

"ஷஃபிள்!" என்றது வகுப்பு.

சரி, சின்னப் பிள்ளைகள். அடுத்து மார்ச். குடியரசு தினத்தையே அந்தச் சுவரோரமாக நடத்திக் காட்டினேன்.

"ஷஃபிள்!"

டிப்டோ. மிக்சர் டப்பாவை மனக்கண்ணில் நிறுத்தி, ஒரு பூனையும் வெட்கப்படும் அளவுக்கு நடந்தேன். இந்த முறை கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்கள். ஆனால் அதையேதான் சொன்னார்கள்.

முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண், பெயர் நஸ்ரின், எழுந்து நின்று மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: "தாத்தா, இது முடிஞ்சிருச்சு. வேற வார்த்தை நடங்க."

குயிலி கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கனவே அழித்திருந்த பலகையை மறுபடியும் அழித்தாள். ரொம்ப நேரம் அழித்தாள்.

ஜூலை 24, புதன்

பிள்ளைகளுக்கு அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

ஜூலை 28, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை விஷயமாக வந்தார்கள். ஓடும் பஸ்ஸில் ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட் கேட்ட கதையைச் சொன்னேன். அந்தக் கதைக்குச் சிரிக்காதவர்கள் பூமியில் பிறக்கவில்லை. முதலில் "சத்தமாச் சொல்லுங்க" என்றார்கள். இப்போதெல்லாம் ஊரில் பாதிப் பேருக்குக் காது கேட்பதில்லை, என்ன நோயோ. திருப்பிச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு சம்பந்தி என்னைக் கேட்டார்: "எங்க மேல எதும் வருத்தமாங்க? நீங்க சிரிக்கவே மாட்டேங்குறீகளே?"

இதென்ன கூத்து! உள்ளே நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேனே!

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். ரேஷன் கார்டுப் புகைப்படத்துக்கு நிற்கிறவன் மாதிரி ஒருவன் இருந்தான். சிரி என்றேன். கொஞ்சம் பொறுத்துச் சிரித்தான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

குளியலறைத் தரை திடீரென்று எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. முழங்கையில் லேசான சிராய்ப்பு. மரகதத்திடம் சோப்பு வழுக்கியது என்றேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சோப்பு காஞ்சு கெடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இந்தப் பேனாவும் சரியில்லை. பெரிய எழுத்தாகத்தான் தொடங்குகிறேன். வரி முடிவதற்குள் எறும்பாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

விஞ்ஞானிகளை அழைக்க வேண்டிய விஷயம். சமதரையில் தடுமாறும் இதே கால், மாடிப்படியில் ஆடு மாதிரி ஏறுகிறது! பதினாறு படியையும் ஒரே மூச்சில் ஏறினேன். மேலே மொட்டைமாடி, சமதளம். அங்கே போய் நின்றுவிட்டேன். துணி எடுக்க வந்த மரகதம் தோளைத் தொட்டதும்தான் கிளம்பினேன்.

படி என்றால் போகிறது, தரை என்றால் நிற்கிறது. கடவுள் என்னை எதற்காகத் தலைகீழாகச் செய்தார்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அக்காவும் குயிலியும் நானுமாக மண்டபம் பார்க்கப் போனோம். மணமகள் அறையின் கதவு ஒடுக்கமானது. அதைத் தாண்டியதும் நீளமான கூடம், கடைசியில் மணவறை. கதவருகே வந்தேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று எழுதப்போவதில்லை. மேஜை நாற்காலியெல்லாம் பார்வையிட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

வீடு திரும்பியதும் தாய்மாமன் பதவியை ராஜினாமா செய்தேன்.

"அக்கா, பிள்ளைய அவுக பெரியப்பா அழைச்சிட்டு வரட்டும். ஆளு உயரம். போட்டோல நல்லா விழும்."

"ஏன்டா, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? பதினஞ்சு வருசமாப் பத்திரிகையே கொடுக்காத மனுசன் அவரு. எம்மகளக் கைபிடிக்க அவரு யாரு?"

"எனக்கு அன்னைக்கு முக்கியமான சோலி இருக்கு."

"என்ன சோலி?"

சுவர்க் காலண்டர் முன்னால் போய், முப்பதாம் தேதியில் ஏதாவது சோலி எழுதியிருக்கிறதா என்று தேடிக்கொண்டு நின்றேன்.

குயிலி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "பெரியப்பா வேண்டாம்மா. மாமா வரலைன்னா நான் தனியா நடந்து வந்துக்கிறேன்" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? முப்பதடி. அத்தனை கண்கள். பட்டுச்சேலையும் மாலையுமாக அவள் என் கையைப் பிடித்திருக்கும்போது, நான் விழுந்தால் அவளும்

பேனாவில் மை தீர்ந்துவிட்டது. நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

குயிலியும் மரகதமும் சேர்ந்து என்னை மதுரைக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். ஜவுளி எடுக்க என்றார்கள். இறங்கிய இடத்தில் சேலையே இல்லை. நரம்பு டாக்டர் இருந்தார். இளவயதுக்காரர். அறையில் என்னை அங்கும் இங்கும் நடக்கவிட்டார். நான் ஸ்ட்ரோல் நடந்தேன். அவர் வேறு ஏதோ எழுதிக்கொண்டார். கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒரு தாளில் என் பெயரை ஐந்து முறை எழுதச் சொன்னார். ஐந்தாவது சோலைமலை ஒரு கடுகு.

"காபி வாசம், சாம்பார் தீயிற வாசம் எல்லாம் தெரியுதாங்க ஐயா?"

"எங்க வீட்டுச் சாம்பாருக்கு வாசமே கிடையாதுங்க."

"ரெண்டு வருசமா இப்படித்தான் சொல்லுறாக, டாக்டர்" என்றாள் மரகதம்.

பார்க்கின்சன் என்றார். யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயராம். நடப்பதற்கு நாற்பது வார்த்தை வைத்திருந்தார்களே, நடக்காமல் நிற்பதற்கும் ஒன்று வைத்துவிட்டார்கள்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூளை "போ" என்று சொல்வது சில சமயம் காலுக்குப் போய்ச் சேராது. ஒடுக்கமான கதவு, கூட்டம், பதற்றம் இருந்தால் அதிகமாகும். ஆனால் வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் வந்தால் கால் கேட்கும். தரையில் குறுக்கே கோடு போட்டால் அதைத் தாண்டும். படி ஏறுவதும் அப்படித்தான். மாத்திரை கொடுத்திருக்கிறார்.

"முப்பதாம் தேதி நான் நடக்கணும்" என்று சொல்லிவிட்டேன். ராஜினாமா செய்தவன் நான், எதற்குச் சொன்னேனோ தெரியவில்லை.

"மாத்திரை வேலை செய்ய ஆளுக்கு ஆள் நாளாகும். வாக்குக் கொடுக்க முடியாதுங்க ஐயா."

திரும்பும்போது மானாமதுரை பஸ் நிலையத்தில் இறங்கினேன். நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டேன். பின்னால் ஒரு பஸ் கிளம்பியது. அதன் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். என்ன ஆயிற்று தெரியவில்லை, விறுவிறுவென்று டீக்கடை வரை போய்விட்டேன்.

திரும்பிப் பார்த்தால் குயிலி அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள், போகிற பஸ்ஸைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கும் கால் ஒட்டிக்கொண்டதோ என்று கவலையாகிவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

குயிலி கோலமாவு டப்பாவோடு வந்தாள். எங்கள் வீட்டு முற்றத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு கோடாகக் குறுக்கே இழுத்தாள்.

"தாண்டுங்க மாமா."

தாண்டினேன். அடுத்ததைத் தாண்டினேன். முற்றத்தின் கடைசி வரை போய்த் திரும்பினேன். கோடு இருந்தால் கால் அதைப் படி என்று நினைத்துக்கொள்கிறது! அறுபத்து நாலு வருஷம் கூடவே இருந்த கால், இவ்வளவு அப்பாவி என்று தெரியாமல் போயிற்று.

"மண்டபத்துலயும் இதே மாதிரி போட்டுருவோம்" என்றாள். "பாக்குறவக கோலம்னு நெனச்சுக்குவாக. ராஜினாமாவ நான் ஏத்துக்கல."

மரகதம் அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். வெங்காயம் எதுவும் இன்றைக்கு இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பதினொரு நாள் ஒத்திகை. கோட்டில் ராஜநடை. கோடு இல்லாத இடத்தில் நான் இன்னும் அரசாங்கக் கட்டடம்.

இன்னொரு மர்மம். ஆணியில் என் விசிலைக் காணோம். மரகதத்தைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கல்யாண நேரத்தில் எல்லா வீட்டிலும் நகைதான் திருடுபோகும். என் வீட்டில் மட்டும் விசிலைத் திருடியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மத்தியானம் மூன்று மணி. மண்டபத்து மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை ஆடுகிறது. ஆடட்டும்.

விடியற்காலையில் குயிலியுடைய பள்ளிக்கூடத் தோழிகள் கூடம் முழுக்கக் கோடு போட்டார்கள். நடுவே நடுவே தாமரைகூட வரைந்தார்கள். என் ஒருவனுக்காகப் போட்ட ராஜபாட்டை. நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, மணமகள் அறையில் போய்க் காத்திருந்தேன்.

"பொண்ண அழைச்சிட்டு வாங்க!" என்று ஐயர் குரல் கொடுத்தார். குயிலி என் கையைப் பிடித்தாள். கதவைத் திறந்தார்கள்.

கோட்டைக் காணோம்.

அலங்காரக்காரர்கள், நல்ல மனதோடுதான், அறை வாசலிலிருந்து மணவறை வரை சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். மடிப்பில்லை, கோடில்லை, ஒரு பூ கிடையாது. முப்பதடிக்குச் சிவப்புக் கடல்.

நின்றேன்.

நாயனம் வாசித்தார்கள், நின்றேன். அறுநூறு முகமும் திரும்பியது, நின்றேன். இல்லாத கோட்டை மனதில் போட்டுப் பார்த்தேன், கால் நம்பவில்லை. "என்னாச்சு, மாமன்காரருக்குக் கோவமா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். பெரியப்பா வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். "நேரமாகுது. நகருங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

"வேண்டாம் பெரியப்பா. வண்டி இப்பக் கிளம்பிரும்" என்றாள் குயிலி.

நான் அவள் காதோடு சொன்னேன்: "தாயி, முடியல. நீ போ."

வாழ்நாளில் நான் மிகைப்படுத்தாமல் சொன்ன ஒரே வாக்கியம்.

"ஒரு விசில்னா என்ன மாமா?"

"நில்லு."

"ரெண்டுன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் இடுப்பில் செருகியிருந்த முந்தானைக்குள் கைவிட்டாள். எடுத்தாள். என் விசில். நெற்றிச்சுட்டியும் மாலையுமாக, அறுநூறு பேருக்கு முன்னால், கல்யாணப் பெண் வாயில் வைத்து ஊதினாள். விர்ர். விர்ர்.

நாயனக்காரர் திகைத்து வாசிப்பை நிறுத்திவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பின் ஒரு தடவைகூட வண்டி நின்றதில்லை. என் வலது கால் எழுந்தது. பிறகு இடது கால். கதவைத் தாண்டினோம்.

பாதி வழியில் ஒரு தடவை நின்றேன். விர்ர், விர்ர். இந்தத் தடவை கூட்டத்திலிருந்து யாரோ "போலாம், ரைட்!" என்றார்கள். மண்டபம் சிரித்தது. என்னைப் பார்த்து இல்லை, என்னோடு. நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக முகத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

மணவறைக்கு மூன்று படி. படி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏறி, அவள் கையை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன்.

அப்போதுதான் முன் வரிசையிலிருந்து ஒரு குரல். கண்ணாடி போட்ட நஸ்ரின், நாற்காலி மேல் ஏறி நின்று, வகுப்பில் பதில் சொல்கிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள்:

"மிஸ்! வாக்!"

செப்டம்பர் 1, ஞாயிறு

குயிலி நேற்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. மாத்திரை காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவு ஒன்று. குணமாகிற நோய் இல்லையாம், சமாளிக்கிற நோயாம். எனக்கு முழுதாக விளங்கவில்லை. அவள் வரும்போது கேட்க வேண்டும்.

இன்று காலை காபி டம்ளரோடு அடுப்படி நிலைப்படிக்கு வந்தேன். நின்றேன். நாட்டு நடப்பை யோசிப்பதாகச் சொல்ல வாயெடுத்தேன்.

மரகதம் அடுப்பைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். தாலிக்கயிறோடு இன்னொரு கயிறும் அவள் கழுத்தில் தெரிந்தது. திரும்பாமலே அதன் நுனியில் தொங்கியதை எடுத்து வாயில் வைத்தாள்.

இரண்டு தடவை ஊதினாள்.